சிவப்பு மைப் பூச்சியங்கள்

என்னிடம் படித்த பிள்ளைகளில் கணக்கை மிக நன்றாகச் செய்த ஒருத்தியை, ஐந்து மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கு வராதவள் என்று நான் எழுதி வைத்தேன். அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். இரண்டாவது வரிசை வாங்கில், வேப்பமரப் பக்கமாக, என் மேசையில் இருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தாள். இதை எழுத எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு இருபது வயது. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு புதுக்குடியிருப்பில். உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, யாரோ சொல்லி, விசுவமடுவுக்கு உள்ளே இருந்த ஒரு குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. அதிபர் நல்லவிதமாக ஒரு கடிதம் கொடுத்தால் பிறகு ஒரு காலத்தில் நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கை மட்டும் உண்டு. சித்திரை விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கிய அன்று ஐந்தாம் வகுப்பையும் ஒரு வரவு இடாப்பையும் என்னிடம் தந்தார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் அரைச்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல், எழுபத்தேழில் தமிழர்களை அடித்து விரட்டிய கலவரத்தோடு தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து, இங்கே காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் போட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய தமிழும் எங்களுடைய தமிழும் வேறு. நாங்கள் ‘ஓம்’ என்போம், அவர்கள் ‘ஆமாங்க’ என்பார்கள். நாங்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு அவர்களுக்கு மேலே ஏறி இருந்துகொண்டோம். நானும்தான்.

அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. முதல் நாள் இடாப்புக் கூப்பிட்டபோது அவளுடைய பெயருக்கு அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் எழும்பி, அவள் வந்திருக்கிறாள், ஆனால் கதைக்க மாட்டாள் என்று சொன்னாள். முன்பு இருந்த ஆசிரியர் அதைக் கேட்டு வரவு போட்டு வந்திருக்கிறார். ஊமையா என்று கேட்டேன். இல்லையாம், வீட்டில் கதைப்பாளாம். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் கதைக்கிற பிள்ளை எனக்கு முன்னால் கதைக்காது என்றால் அது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது?

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு சட்டம் போட்டேன். தன் வாயால் ‘வந்திருக்கிறேன் ரீச்சர்’ என்று சொன்னால்தான் வரவு, வேறு யாரும் சொல்லக் கூடாது, சொல்லாதவருக்குச் சிவப்பு மையால் பூச்சியம். சட்டம் எல்லாருக்கும் பொது என்று சொன்னேன். அது யாருக்கு என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும். முதல் பூச்சியத்தை அவள் பார்க்கும்படியாக, பேனையை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். “வாயில என்ன கொழுக்கட்டையோ?” என்றும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்திருந்தது. வகுப்பில் என்னுடைய பேச்சுக்கு யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை.

நாலைந்து பூச்சியத்தில் வாய் திறந்துவிடும் என்றுதான் நினைத்தேன். திறக்கவில்லை. நான் இறங்கி வந்தால் தோற்றுப்போவேன் என்று பிடித்தபிடியாக நின்றேன். யாரோடு போட்டி? பத்து வயதுப் பிள்ளையோடு. நாள் கிழமையாகி, கிழமை மாதமாகி, அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு வரிசை நீண்டுகொண்டே போனது.

அவளை நான் பார்க்காமல் இல்லை. நன்றாகப் பார்த்தேன். அவளுக்கு முன்னே ஆறேழு பெயர் இருக்கும்போதே கழுத்து விறைத்துவிடும். மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக நிற்கும். பெருவிரல் நகத்தை வாங்கு விளிம்பில் வைத்து அழுத்துவாள். பெயரைக் கூப்பிட்டதும் உதடு அசையும். ஒன்றும் வராது. அடுத்த பெயருக்கு நான் போன பிறகு தலையைக் குனிந்து மூச்சு விடுவாள். அவளிடம் எப்போதும் வசம்பு வாசம் அடித்தது. பேச்சு வரட்டும் என்று தாய் தினமும் காலையில் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவி அனுப்புகிறாள் என்று பிறகு தெரிந்தது. இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் அதற்கு வைத்த பெயர் ‘அழுத்தம்’. எங்கள் ஊரில் வாய் திறக்காத பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் வைப்போம்.

கொப்பியைத் திறந்தால் வேறு பிள்ளை. பெருக்கலும் பின்னமும் ஒரு வெட்டு இல்லாமல் இருக்கும். நான் கரும்பலகையில் பிழையாக எழுதிய ஒரு கணக்கை, கொப்பியில் தானாகத் திருத்திச் செய்து வைத்திருந்தாள். அதையும் நான் திமிர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எண்பத்தொன்பதில், அப்போது நான் நிரந்தர ஆசிரியை, வவுனியாவில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு நடந்தது. வழி முழுக்கச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளின் மனநோய் பற்றிக் கதைக்க ஒரு டாக்டர் வந்திருந்தார். அவர் ‘பதகளிப்பு’ என்று ஒரு சொல்லைச் சொன்னார். அடுப்பில் பால் பொங்கும்போது நான் பதறினால் அம்மா என்னைப் பார்த்து “ஏனடி பதகளிக்கிறாய்” என்பாளே, அந்தச் சொல்தான். அது சில பிள்ளைகளுக்கு நோயாகவே இருக்கிறது என்றார். அபூர்வமான நோய் இல்லை, தடிமன் காய்ச்சல் மாதிரிச் சாதாரணமாக வருவது, எந்த வகுப்பை எடுத்தாலும் அதில் ஒன்றுக்கு மேலே இருக்கும், உங்களுடைய வகுப்பில் இல்லை என்று சொன்னால் நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம் என்றார். வெளியிடத்தில் மட்டும் வாய் கட்டிப் போகிற பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார். அது பிடிவாதம் இல்லை, பயம், வற்புறுத்த வற்புறுத்த இறுகும் என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தா. எனக்கு எழுத முடியவில்லை. அந்தப் பழைய இடாப்பு அப்படியே கண்ணுக்கு முன்னால் விரிந்தது. மூன்றாவது பெயர், ஒவ்வொரு திங்கட்கிழமையும் வயிற்றுக்குத்து என்று அழுத பெடியன். கள்ளன் என்று காதைத் திருகியிருக்கிறேன். ஒன்பதாவது, கண்ணிமை மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி மொட்டையாக வைத்திருந்த பிள்ளை. ஊத்தைப் பழக்கம் என்று ஏசினேன். பிறகு ஒருவன், எழுதியதை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகும் வரை அழிப்பான். பிழை வந்துவிடுமோ என்று பயம். சோம்பேறி என்று முழங்காலில் விட்டேன். தாய் வாசலில் இருந்து மறைந்தவுடன் மூச்சு வாங்குகிற இன்னொருத்தி. முப்பது சொச்சப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் ஏதோ கோளாறு என்று நான் நினைத்திருந்தேன். வாய் திறக்காதவளுக்காவது எடுத்துச் சொல்ல ஒரு காரணம் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. சும்மா பயம். நல்ல சோறு தின்று, நல்ல தாய் தகப்பனோடு இருந்து, அப்படியும் பயம்.

அந்தக் கொட்டிலில் இன்னும் ஒருத்திக்கும் அது இருந்தது. அதிபரின் சைக்கிள் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். கல்வி அதிகாரி வருகிற நாளில் கொட்டிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வருவேன். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். இதை நான் யாருக்கும் சொன்னது கிடையாது. பயந்த பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது விளங்குகிறது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த வருடம் ஆடி மாதத்தில், பெற்றோரிடம் முறையிடலாம் என்று ஒரு பின்னேரம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். மண்சுவர் வீடு, சுற்றிவர மிளகாய்த் தோட்டம். படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கும்போது வீட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. நல்ல கணீரென்ற குரல். என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை இடாப்பு வரிசையில் ஒன்றும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மெல்லப் போய்ச் சுவரோரமாக நின்று பார்த்தேன். மரவள்ளித் தடிகளை நிலத்தில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். தடிகள்தான் வகுப்பு. ஒரு பெயரைக் கூப்பிடுவாள், பிறகு அந்தப் பிள்ளையின் குரலிலேயே ‘வந்திருக்கிறேன் ரீச்சர்’ என்பாள். மூக்கால் கதைப்பவன் மூக்கால் சொன்னான். திக்குபவன் திக்கிச் சொன்னான். எங்களைப் போல ‘ரீச்சர்’ என்பவர்கள் அப்படியும், தோட்டத்துப் பிள்ளைகள் ‘டீச்சர்’ என்றும் சொன்னார்கள். அப்படி ஒரு காது அவளுக்கு. தன்னுடைய பெயர் வந்தது. கூப்பிட்டாள். கொஞ்சம் தள்ளித் தனியாகக் குத்தியிருந்த ஒரு தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் சொல்லவில்லை. பிறகு என்னுடைய குரலில், நான் தலையைச் சரிக்கிற மாதிரியே சரித்து, “வாயில என்ன கொழுக்கட்டையோ?” என்று கேட்டாள். குனிந்து அந்தத் தடிக்கு முன்னால் மண்ணில் விரலால் ஒரு பூச்சியம் போட்டாள். அங்கே ஏற்கெனவே நிறையப் பூச்சியங்கள் இருந்தன.

அன்றைக்கு எனக்கு வந்தது ஆத்திரம். இவ்வளவு கதைக்கத் தெரிந்தவள் என்னைப் போட்டு ஆட்டுகிறாள், பகிடி வேறு பண்ணுகிறாள். என்னைக் கண்டதும் அவள் உறைந்துபோய் நின்றாள். வாய் மூடிவிட்டது. அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

தாய் ஓடி வந்து கதிரை எடுத்துப் போட்டா. நான் அதில் இருக்கவில்லை. பிள்ளைக்கு நல்லாக் கதைக்க வருகிறது, பள்ளிக்கூடத்தில் வேண்டுமென்றே வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று நின்றபடி சொன்னேன். தாய் கையைப் பிசைந்தா. தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைக்க ஆட்கள் வந்த அன்று, இவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி ஒளிந்ததையும், இவள் அழுதுவிடுவாள் என்று விடியும்வரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததையும் சொன்னா.

“நான் கைய எடுத்துட்டேங்க டீச்சர். அதுக்கு இன்னும் எடுக்கல போல. வேணும்னு செய்யலீங்க. வர மாட்டேங்குதுங்க.”

எனக்கு அது கேட்டது. காதில் மட்டும் கேட்டது. கதைக்கப் பழக்குங்கோ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

ஆவணியில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் நேரம் வந்தது. அதில் தேறினால் விடுதியுள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் இடம், படிப்புச் செலவும் கிடைக்கும். அந்தக் குடியேற்றத்தில் இருந்து ஒரு பிள்ளை மிளகாய்த் தோட்டத்தைத் தாண்டிப் போக வேறு வழி இருக்கவில்லை. வரவு குறைந்தவர்களை எழுத விடுவதில்லை என்பது எங்கள் அதிபர் வைத்திருந்த ஒழுங்கு. இடாப்பைக் கொண்டுவரச் சொன்னார். அவர் மேல்வகுப்புகளுக்குத்தான் படிப்பித்தார், சின்னப் பிள்ளைகளை முகம் பார்த்துத் தெரியாது. விரலை வைத்துக்கொண்டே வந்தவர் அந்தச் சிவப்பு வரிசையில் நின்றார்.

“இது என்ன, முதல் தவணை முழுக்க வந்திருக்கிறா, பிறகு ஒரு நாளும் இல்லை? தோட்ட வேலைக்குக் கொண்டு போயிட்டினம் போல. இந்தச் சனம் இப்பிடித்தான்.”

இரண்டாம் தவணைப் புள்ளிகளும் அதே மேசையில்தான் கிடந்தன. வராத பிள்ளை எப்படிக் கணக்கில் முதலாவதாக வந்தாள் என்று அவர் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம். ஆனால் இடாப்பில் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். என் நிரந்தரத்துக்கான கடிதம் அவருடைய கையில் இருந்தது. கழுத்து விறைத்தது. உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியாது, சத்தம் வரவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். அவர் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்ததை எழுதினார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தகப்பன் வந்தார். சேட்டுப் போட்டுப் பித்தான் எல்லாம் பூட்டி, கையில் ஒரு பூசணிக்காயோடு கொட்டிலுக்கு வெளியே நின்றார். புள்ள பேரு போயிருச்சுங்களா என்று கேட்டார். அவருக்கும் தலையை ஆட்டினேன். பூசணிக்காயையும் வாங்கிக்கொண்டேன். நாளைக்கு ஆளனுப்பி உண்மையைச் சொல்வோம் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். பரீட்சைக்கு முதல்நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பரீட்சை நிலையம் புதுக்குடியிருப்பில். எழுதப் போகிற பிள்ளைகளை அதிபர் பட்டியலைப் பார்த்து உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். நான் வீட்டில் இருந்து நடந்து போய் வாசலில் நின்றேன். பெட்டியில் அவள் இல்லாததைப் பார்த்து, அவர்களுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது, அதனால் வரவில்லை என்று ஆறுதல்பட்டேன். அந்த ஆறுதலை என்னால் மன்னிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தகப்பனின் சைக்கிள் வந்தது. பெட்டி தங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து, விசுவமடுவில் இருந்து அவ்வளவு தூரமும் பிள்ளையைப் பாரில் வைத்து மிதித்துக்கொண்டு வந்திருந்தார். அவள் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, சீவின பென்சில் இரண்டைக் கையில் பிடித்திருந்தாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

ஒரு மேற்பார்வையாளர் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயருக்கு உரிய பிள்ளை ‘வந்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒவ்வொன்றாகப் போனார்கள். திங்கட்கிழமை வயிற்றுக்குத்துக்காரன் போனான். அழிக்கிறவன் போனான். ஒவ்வொரு பெயருக்கும் அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, மேலுதட்டில் வியர்வை நின்றது. நான் அவளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன். கடைசிப் பெயர் முடிந்தது. மேற்பார்வையாளர் தாளை மடித்தார்.

வாசலில் அவள் மட்டும் நின்றாள். தகப்பன் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள்.

“வந்திருக்கேன் டீச்சர்.”

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனாலும் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் கேட்ட அதே குரல், கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். உள்ளே போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர், ஆர் ரீச்சர் இந்தப் பிள்ளை, உங்கட பள்ளிக்கூடமோ என்று என்னைக் கேட்டார். பெயர் வரவில்லை போல என்று நான் சொன்னேன். யாரோ வேறு ஆட்கள் விட்ட பிழை மாதிரிச் சொன்னேன்.

தகப்பனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

“பேசிருச்சுங்க டீச்சர். எல்லாரு முன்னுக்கும் சொல்லிருச்சு. இனி உள்ள விடுவாங்கதானுங்களே?”

மணி அடித்தது. காவலாளி படலையைச் சாத்தினான். நான் அந்த மனிதருக்கு என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஏதோ அடுத்த வருடம் என்று சொல்லியிருப்பேன். அடுத்த வருடம் என்று அந்தப் பரீட்சையில் ஒன்று கிடையாது. கரைச்சல் குடுத்துட்டோம், மன்னிச்சிருங்க என்று அவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிப் பாரில் இருத்திக்கொண்டு போனார். அவள் பென்சில்களை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை இடாப்பைத் திறந்தேன். அவளுடைய பெயரை நான் கூப்பிட்டபோது வேப்பமரப் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. அவள் வெங்காயம் பிடுங்கத் தாயோடு போகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். அதிபர் சொன்னதை நான் உண்மையாக்கிவிட்டேன். சிவப்புப் பேனையை எடுத்தேன். அந்தப் பெயருக்கு நேரே நான் போட்ட அத்தனை பூச்சியங்களிலும் முதல் தடவையாக ஒன்றைச் சரியாகப் போட்டேன்.